டெலிபோன் டைரக்டரியை எடைக்குப் போடலாமா?

போன வாரம் பரணில் இருந்த பழைய பேப்பரையெல்லாம் எடைக்குப் போட இறக்கினோம். நடுவில் எங்கள் நிறுவனத்தின் பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்று வந்தது. அட்டை போய்விட்டது. முதல் சில பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. "எல்லாம்தான் போன்லயே இருக்கே, இது இன்னும் எதுக்குங்க?" என்றாள் மனைவி. "இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

நம் நகரியத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் புத்தகம் மறந்திருக்காது. பெயர், பதவி, பிரிவு, ஆபீஸ் நம்பர், வீட்டு நம்பர். ஒரே பக்கத்தில் ஏழெட்டு கிருஷ்ணமூர்த்திகள் இருப்பார்கள். இனிஷியல் தெரியாவிட்டால் பிரிவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: சுரங்கத்துக் கிருஷ்ணமூர்த்தியா, தெர்மல் கிருஷ்ணமூர்த்தியா, பி அண்ட் சி கிருஷ்ணமூர்த்தியா, உரத் தொழிற்சாலைக் கிருஷ்ணமூர்த்தியா? புதுப் பதிப்பு வந்தால் எல்லாரும் முதலில் தேடுவது தன் பெயரைத்தான். பதவி உயர்வு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

ஆனால் அதை ஒரேயடியாகக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்த எத்தனையோ பேர் அதில் ஒரு வரியாகக்கூட இல்லை. போன் இருந்தவர் வீட்டு நம்பரை 'பி.பி.' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு ஊருக்குக் கடிதம் எழுதியவர்கள் அவர்கள். ராத்திரி பத்து மணிக்கு மணி அடித்தால் அடுத்த தெருவுக்கு ஓடிப்போய் ஆளைக் கூட்டிவந்திருக்கிறோம்.

டைரக்டரிக்கு வயது கொஞ்சமில்லை. அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் 1878-இல் வந்ததுதான் முதல் டைரக்டரி என்பார்கள். ஒற்றை அட்டை, ஐம்பது பெயர்கள், நம்பரே கிடையாது. ஆபரேட்டரிடம் பெயரைச் சொன்னால் போதும். நம் சென்னைக்கு 1882-லேயே எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது.

பிற்காலத்தில் இந்தப் புத்தகத்துக்காக நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். டாடா பிரஸ் மஞ்சள் பக்கங்களை அச்சிட்டது. எம்.டி.என்.எல். அதைத் தடுக்கப் பார்த்தது. விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்று 1995-இல் தீர்ப்பு வந்தது. டாடா ஜெயித்தது. ஆனால் சந்தாதாரர் பட்டியலை மட்டும் அனுமதியில்லாமல் அச்சிடக் கூடாது என்பது அப்படியே நின்றது. அதாவது, இந்த நம்பர் இவருடையது என்று சொல்ல ஒரு பொறுப்பாளி இருந்தார். தப்பாக இருந்தால் 197-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

இன்றைக்கு யார் பொறுப்பாளி? எங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர். ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. வங்கியின் நம்பரைப் போனில் தேடினார். முதலில் வந்த நம்பரைக் கூப்பிட்டார். மரியாதையாகப் பேசி, ஏதோ ஒன்றை இறக்கிக்கொள்ளச் சொல்லி, இருந்ததையும் எடுத்துக்கொண்டார்கள். அது வங்கியின் நம்பரே இல்லை. 1930 என்று சைபர் குற்றத்துக்கு ஒரு நம்பர் இருப்பதே அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. நாற்பது வருடம் கணக்கு வழக்குப் பார்த்த மனுஷன், பிள்ளைகளிடம் சொல்லக்கூட வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். தேடினால் எல்லாம் கிடைக்கிறது, வாஸ்தவம். கிடைத்தது நிஜமா என்று நம் வயதில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இன்னொன்று. தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 நினைவிருக்கும். ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கிற இடத்தில் இருந்துகொண்டு நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். வாசலில் மரம் விழுந்து கிடந்தது. என் செல்போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. நம்பரெல்லாம் அதற்குள்ளே. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் கம்பி போன் உயிரோடு இருந்தது. அதற்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து வரும், வீட்டிலிருந்து அல்ல. ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், சென்னையில் இருக்கும் மகளின் நம்பர் ஞாபகத்தில் இல்லை! அந்த வீட்டில் டி.வி.க்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தது பழைய சென்னை டைரக்டரி. சம்பந்தி பெயரையும் மாம்பலம் தெருவையும் வைத்துத் தேடி, முன்னால் ஒரு 2 சேர்த்துப் போட்டேன். சம்பந்தியே எடுத்தார்.

அதற்காக அந்தத் தலையணை சைஸ் புத்தகம் திரும்ப வர வேண்டும் என்று சொல்லமாட்டேன். அச்சடித்து முடிப்பதற்குள் பாதி நம்பர் மாறிவிடும். எல்லாருடைய செல் நம்பரையும் அச்சிட்டால் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கூப்பிடுகிறவர்களுக்குத்தான் கொண்டாட்டம். நான் கேட்பது பதினாறு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம். நகரியத்துப் பொது மருத்துவமனை, காவல் நிலையம், கேஸ், வங்கிக் கிளைகள், பென்ஷன் ஆபீஸ், ராத்திரியில் வரக்கூடிய ஆட்டோ, எலக்ட்ரீஷியன். ஒவ்வொரு நம்பரையும் யாராவது ஒருவர் நேரில் கூப்பிட்டுப் பார்த்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும். எந்தத் தேதியில் சரிபார்த்தது என்று பக்கத்தின் அடியில் இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். கண்ணாடியைத் தேடுவதற்குள் மூச்சு நின்றுவிடக் கூடாது.

கடைசி இரண்டு பக்கம் நமக்கு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகர், வடக்குத்து, வடலூர், கடலூர் என்று சிதறிக் கிடக்கிறோமே, சம்மதிக்கிறவர்களின் பெயரும் நம்பரும் மட்டும். ஒருவர் போய்ச் சேர்ந்த செய்தி பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு தெரியவருவது எனக்கு இந்த வருடத்திலேயே இரண்டு முறை ஆகிவிட்டது.

அச்சுச் செலவை விளம்பரம் போடும் கடைக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். நம் ஓய்வு பெற்றோரில் யாராவது நாலு பேர் முன்வந்தால், நம்பர்களைக் கூப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். பகலில் சும்மாதான் இருக்கிறேன். பழைய டைரக்டரி மேஜை மேல்தான் இருக்கிறது, எடைக்குப் போடவில்லை.