மூக்கு லாரியில் எது ஒரிஜினல்?

எங்க வீட்டு லாரி ரோட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகுது. 1984 மாடல் டாடா 1210 எஸ்.இ., அதாவது மூக்கு லாரி. தாத்தா அதில்தான் ஆரணி அரிசியை மெட்ராஸுக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஆடி மாசம் வந்தால் அதே லாரியில் தார்ப்பாய் விரித்து, தெருவில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போவார்களாம். நான் போனது ரெண்டே தடவை. வாந்தி எடுத்தது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. தாத்தா போன பிறகு வண்டி அரிசி மில்லுக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது.

இந்த வருஷம் பெரியப்பா திடீரென்று அதை மறுபடியும் ஓட்ட வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார். இன்ஜின் விஷயத்தில் வீட்டில் சண்டை வரவில்லை. பிஸ்டன் ரிங், பேரிங் எல்லாம் தேய்ந்தால் மாற்றுகிற சாமான்தான், அதுக்கு யாரும் அழ மாட்டார்கள். சண்டை வந்தது தகட்டில். பானெட், ரெண்டு மட்கார்ட், கிரில். பழசை வெட்டி ஒட்டி சரி பண்ணுவதா, இல்லை கடையில் புதுசாக அடித்து விற்கும் டூப்ளிகேட்டை வாங்கி மாட்டுவதா?

"துருப்பிடித்த தகட்டைக் கட்டிக்கொண்டு அழாதீங்க பெரியப்பா, புதுசு வாங்குங்க" என்று முதலில் சொன்னவன் நான்தான். மெக்கானிக்கல் ஃபைனல் இயர் இல்லையா, அந்தத் திமிர். கணக்கும் என் பக்கம்தான் இருந்தது. பழைய பானெட்டைச் சரி பண்ண டிங்கர் அண்ணன் கேட்ட கூலி, புது பானெட் விலையைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

பெரியப்பா அரை மனசோடு ஒரு டூப்ளிகேட் பானெட் வரவழைத்தார். வந்ததும் காலேஜ் லேபில் இருந்து கடன் வாங்கிப் போன மைக்ரோமீட்டரை வைத்தேன். (லேப் சார் இதைப் படித்தால் மன்னிக்கவும், திருப்பி வைத்துவிட்டேன்.) பழைய தகடு, பெயிண்டைச் சுரண்டிய இடத்தில், 1.2 மில்லிமீட்டர். புதுசு 0.9. பார்க்க சின்ன வித்தியாசம். ஆனால் தகடு வளையாமல் நிற்கும் பலம் அதன் தடிமனின் கனத்தைப் பொறுத்தது என்று நாமெல்லாம் எஸ்.ஓ.எம். பேப்பரில் எழுதியிருக்கிறோம். 0.75-ஐ மூன்று தடவை பெருக்கினால் சுமார் 0.42. பழைய பானெட்டின் விறைப்பில் பாதி கூட இல்லை. கையால் தட்டினால் எண்ணெய் டின் சத்தம். போல்ட் ஓட்டைகள் ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தன. "ஃபைல் போட்டு ஓட்டைய இழுத்துக்கலாம் தம்பி, எல்லாரும் அப்படித்தான் மாட்றாங்க" என்றார் டிங்கர் அண்ணன். அப்படித்தான் மாட்டுகிறார்கள் என்பதுதான் பிரச்சினையே.

சரி, அப்போ ஒரிஜினல்தான் ஒசத்தி என்று கட்சி மாறினேனா? அதுவும் சுலபமாக இல்லை. அண்ணன் ஒரு காந்தத்தை எடுத்து பழைய மட்கார்ட் மேல் நகர்த்தினார். இடது பக்கம் பாதி இடத்தில் ஒட்டவே இல்லை. அடியில் தகடு கிடையாது, வெறும் பட்டி. வலது மட்கார்டைச் சுரண்டினால் மஞ்சளுக்குக் கீழே நீலம். எங்க லாரி என்றைக்குமே நீலமாக இருந்ததில்லை. "தொண்ணூறுகள்ல ஒரு ஆக்சிடென்ட், அப்ப தாத்தா புதுப்பேட்டைல வேற வண்டியோடத வாங்கி மாட்டினார்" என்று பெரியப்பாவுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் கட்டிப்பிடித்து சண்டை போட்ட ஒரிஜினல், முகம் தெரியாத ஏதோ ஒரு லாரியின் மட்கார்ட்.

இன்னும் கொஞ்சம் யோசித்தால் வேறொன்று. டெல்கோ கம்பெனி 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்ததும் முகப்பில் இருந்த நட்சத்திரம் போய் 'டி' வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் கம்பெனி கொடுத்தது சேஸிஸும் முகப்பும்தான். கேபின், கதவு, பின்னால் தொட்டி எல்லாம் திருச்செங்கோடு, நாமக்கல் மாதிரி ஊர்களில் ஆசாரிகளும் வெல்டர்களும் கட்டினது. அதனால்தான் ஒரே மாடல் லாரி ரெண்டு நின்றால் ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது. வெளிநாட்டில் ஒருவர் பழைய பிக்கப் டிரக்கை சரி பண்ணும்போது "ஃபேக்டரியில் இருந்து வந்த மாதிரி" என்ற அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். நம்ம லாரியில் பாதி, ஃபேக்டரியில் இருந்து வரவே இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் யூடியூபில் பார்த்த ரெஸ்டோரேஷன் விதியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சட்டமும் நமக்கு வழி சொல்லவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. 50 வயசு தாண்டியிருக்க வேண்டும், பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து. கேட்க நல்லா இருக்கு. ஆனால் அது சொந்த உபயோகத்துக்கான டூவீலருக்கும் காருக்கும் மட்டும். நாட்டின் அரிசியைச் சுமந்த லாரிக்கு அதில் இடமில்லை. பணக்காரர் வீட்டு கார் பாரம்பரியம், லாரி பழைய இரும்பு. இது எனக்குக் கோபம் வரும் இடம், இத்தோடு விட்டுவிடுகிறேன்.

எனக்குத் தெளிவு கிடைத்தது எங்க அம்மா பேச்சில். அம்மா வீட்டில் தறி உண்டு. "ஜரிகைல அசல் இருக்கு, ஹாஃப் ஃபைன் இருக்கு, டெஸ்டட் இருக்கு. எல்லாத்துலயும்தான் சேலை நெய்யறோம். டெஸ்டட் போட்டுட்டு அசல்னு வித்தாதான்டா தப்பு" என்றார். பட்டு விஷயத்திலும் இதே கதைதான். அசல் பட்டுதானா என்று வாங்குகிறவருக்குத் தெரியணும் என்பதற்காக 2004-ல் மத்திய பட்டு வாரியம் சில்க் மார்க் கொண்டுவந்தது. நம்ம ஊர் தறியில் நெய்த சேலை காஞ்சிபுரம் என்ற பெயரில் விற்கும் கதை இங்கே யாருக்குத்தான் தெரியாது? நல்ல சேலைதான், பெயர்தான் பொய். லாரித் தகட்டிலும் நான் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று தோன்றியது.

பழைய வண்டி விஷயத்தில் உலக அளவில் இருக்கும் ஃபிவா அமைப்பு 2012-ல் டுரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதிலும் கிட்டத்தட்ட அம்மா சொன்னதுதான். முடிந்தவரை பழசைக் காப்பாற்று. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்றின பாகம் எது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியும்படி அழியாத குறி போடு.

இதன்படி எங்க லாரிக்கு என் தீர்ப்பு இப்படி ஆனது. இடது மட்கார்ட் போய்விட்டது, அதற்கு அழுது பயனில்லை. ஆனால் கடை டூப்ளிகேட் வேண்டாம். 18 கேஜ் தகடு வாங்கிக் கொடுத்து, பழசை அச்சாக வைத்து டிங்கர் அண்ணனே சுத்தியும் டாலியும் வைத்து அடித்தார். நாலு நாள் ஆனது. இதுவும் டூப்ளிகேட்தான், ஆனால் கேபின் கட்டின ஆசாரிகள் எப்படி வேலை செய்தார்களோ அதே வழியில் வந்த டூப்ளிகேட். உள்பக்கம் உளியால் மாசமும் வருஷமும் வெட்டச் சொன்னேன். அவர் பெயரையும் வெட்டச் சொன்னேன், கூச்சப்பட்டு மாட்டேன் என்றுவிட்டார். நீல மட்கார்ட் அப்படியே இருக்கும். அது எங்க லாரியின் சரித்திரம்.

பானெட்டை மட்டும் எவ்வளவு செலவானாலும் பழசையே காப்பாற்றணும் என்று இப்போது நானே பெரியப்பாவிடம் சண்டை போடுகிறேன். காரணம் தடிமன் இல்லை. கரியும் கிரீஸும் துடைத்தபோது உள்பக்கம் சிவப்பு பெயிண்டில் தாத்தா கையெழுத்து. ஆயில் மாற்றின கிலோமீட்டர் கணக்கு, ஒன்றன் கீழ் ஒன்றாக. கடைசி வரியில் எண் பாதியில் நிற்கிறது. துருவேறிய ஓரங்களை மட்டும் வெட்டி, சி.ஓ.டூ வெல்டிங்கில் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டினால் தகடு நெளியாது, எழுத்தும் கருகாது என்கிறார் அண்ணன்.

உடனே சிலர் கேட்பீர்கள்: லாரி ஓட்டிப் பிழைக்கிறவன் இதையெல்லாம் பார்க்க முடியுமா? முடியாது, பார்க்கவும் வேண்டாம். நாளைக்கு லோடு ஏற்ற வேண்டிய வண்டிக்கு டூப்ளிகேட் மாட்டுவதில் ஒரு கேவலமும் இல்லை. நான் பேசுவது, ஓடி முடித்த வண்டியை ஆசையாக மறுபடி எழுப்புகிறவர்களிடம். அவர்களில் பலர் நல்ல பழைய தகட்டைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, பளபளவென்று மெல்லிய தகட்டை மாட்டி, "ஃபுல் ஒரிஜினல் கண்டிஷன்" என்று இன்ஸ்டாவில் போடுகிறார்கள். அதைத்தான் கேட்கிறேன்.

வந்த டூப்ளிகேட் பானெட் இப்போது மில்லில் கோழிக்கூண்டுக்கு மூடியாக இருக்கிறது. கிரில் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பசங்க யாராவது இதைப் படித்தால், உங்க ஊர் பட்டறை மூலையில் பழைய 1210 எஸ்.இ. கிரில் கிடக்கிறதா என்று ஒரு எட்டு பாருங்க. வளைந்திருந்தாலும் பரவாயில்லை.