ஏழு மேட்ச், ஏழு தோல்வி!

உங்கள் பொது அறிவுக்கு ஒரு சின்னச் சோதனை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்கு ஹாக்கியில் தங்கம். கேப்டன் நம்ம வாசுதேவன் பாஸ்கரன். இது வரைக்கும் தெரியும். அதே மாஸ்கோவுக்கு இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணியும் போயிருந்தது. அது என்ன ஆச்சு?

தாம்பரம் - பீச் லோக்கலில் சானடோரியம் தாண்டியதும் இந்தக் கேள்வியை ஆரம்பித்தேன். கிண்டி வருவதற்குள் பத்து பேரிடமாவது கேட்டிருப்பேன். "நாம எங்க ஸார் போனோம் அதுக்கெல்லாம்!" என்றார் ஒரு டிபன் கேரியர். "போயிருந்தா தினத்தந்தியில வந்திருக்குமே" என்றார் இன்னொருவர். கதவோரம் மஞ்சள் பனியன் போட்ட ஒரு இளைஞன் நின்றிருந்தான். பனியனில் அமெரிக்க டீமின் பெயர், கழுத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி அடையாள அட்டை. லாஸ் ஏஞ்சல்ஸ் டீமில் யாருக்கு எந்த முழங்காலில் வலி என்பது வரை மனப்பாடம் அவனுக்கு. "சரி தம்பி, இந்தியாவுக்கு ஆடற ஒரு ஆள் பேர் சொல்லு" என்றேன். பல்லாவரம் வந்துவிட்டதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டான். அது குரோம்பேட்டை ஸ்டேஷன்.

விடை இதுதான். மொத்தம் 12 அணிகள். நாம் 12-ஆவது. ஆடியது ஏழு மேட்ச், தோற்றதும் ஏழு. சோவியத் யூனியனோடு ஆடியதில் மட்டும் 121 - 65. அந்த 121-ஐச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்கிற விதியே சர்வதேச ஆட்டத்துக்கு 1984-ல்தான் வந்தது. அதற்கு முன் எங்கிருந்து போட்டாலும் இரண்டு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று. அந்தக் கணக்கில் 40 நிமிஷத்தில் 121 என்றால், நிமிஷத்துக்கு மூன்று புள்ளி! அவர்கள் டீமில் த்காசென்கோ என்று ஒரு மீசைக்காரர், ஏழேகால் அடி. நம்ம லோக்கலில் அவரை ஏற்றினால் கைப்பிடிகள் எல்லாம் நெஞ்சில்தான் இடிக்கும். அப்படிப்பட்ட டீமே கடைசியில் சொந்த மண்ணில் வெண்கலத்தோடுதான் திரும்பியது. தங்கம் யூகோஸ்லாவியாவுக்குப் போனது.

நாம் அங்கே போனதே வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தவனுக்கு பெர்த் கன்ஃபர்ம் ஆன கதை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததால் அமெரிக்கா மாஸ்கோவைப் புறக்கணித்தது. சீனா, ஜப்பான், தென் கொரியாவும் வரவில்லை. ஆசியாவுக்கான இடம் காலி. "நீங்க வர்றீங்களா?" என்றார்கள். போனோம். அதுதான் இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணி ஆடிய முதல் ஒலிம்பிக்ஸ். இன்றுவரை அதுவே கடைசியும். உலகக் கோப்பைக்கோ ஒரு தடவைகூடத் தகுதி பெற்றதில்லை.

இதுவரை சிரித்தது போதும். இதற்கு ஐந்து வருஷம் முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்கிறது.

1975, பாங்காக். ஆசிய சாம்பியன்ஷிப். சீனா முதலிடம், ஜப்பான் இரண்டு, தென் கொரியா மூன்று, இந்தியா நாலு. இன்றுவரை நமக்கு அதுதான் சிறந்த இடம். ஐந்தாவது வந்தது யார் என்கிறீர்கள்? பிலிப்பைன்ஸ்! 1954 உலகப் போட்டியில் மூன்றாவது வந்த பிலிப்பைன்ஸ். தெருவுக்குத் தெரு தென்னை மரத்தில் வளையம் கட்டி, ரப்பர் செருப்போடு ஆடுகிற தேசம். உயரத்தில் அவர்கள் நம்மைவிட ஒன்றும் ஒசத்தி இல்லை. ஆகவே "நம்மாளுங்க குள்ளம் ஸார்" என்கிற சாக்கை இந்த இடத்திலேயே மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1975-ல் மணிலாவில் இன்னொன்று நடந்தது. ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் லீக் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆசியாவிலேயே முதல் லீக் அது. காசு வாங்கி ஆடுகிறவன் நாட்டுக்கு ஆடக்கூடாது என்று அப்போது சர்வதேச விதி. அதனால் அவர்களுக்குச் சில வருஷம் அடிதான். 1989-ல் அந்த விதி போயிற்று. 2023 உலகக் கோப்பையை ஜப்பான், இந்தோனேஷியாவோடு சேர்ந்து மணிலாவிலேயே நடத்தினார்கள்.

நாம் என்ன செய்தோம்? ஆட்டக்காரனுக்கு வேலை போட்டுக் கொடுத்தோம்.

இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ரயில்வே, ராணுவம், போலீஸ், பாங்க், ஓ.என்.ஜி.சி. இந்த ஐந்தும் இல்லையென்றால் இந்தியாவில் கூடைப்பந்தே கிடையாது. அறுபதுகளில் ஆசியாவே மெச்சிய குஷி ராம், 1967-ல் அர்ஜுனா விருது வாங்கியவர், ராணுவத்தில் வளர்ந்தவர். பல வருஷம் இந்தியாவுக்கு கேப்டனாக இருந்த வாரணாசிக்காரர் விசேஷ் பிருகுவன்ஷி ஓ.என்.ஜி.சி. சென்னையில் ஐ.ஓ.பி. டீம் என்றால் ஊர் ஊராகக் கூட்டம் சேரும். கவுண்டரில் உங்கள் பாஸ்புக்கை வாங்கிக்கொள்ளும் அந்த நெட்டை மனிதர் ஒரு காலத்தில் கொரியாக்காரனை மறித்து நின்றவராக இருக்கலாம். அடுத்த முறை கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள்.

ஆட்டம் நமக்கு வந்த வழியே கௌரவமானது. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் பையன்களை அடக்க முடியாமல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார் பழக்கூடையைச் சுவரில் மாட்டி ஆரம்பித்தது. பத்தடி உயரம். இன்றும் அதே பத்தடிதான். அவர் வேலை பார்த்த அதே ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் மெட்ராஸில் ஒரு உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறீர்களே, அதுதான். கண்டுபிடித்த இடத்துக்கும் நமக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். இவ்வளவு நெருங்கின உறவு கிரிக்கெட்டுக்குக்கூடக் கிடையாது.

இனி என் தெருவுக்கு வருகிறேன்.

சேலையூரில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஆறடி நாலு அங்குலம். பெயர் வேண்டாம். அவர்கள் வீட்டு நிலைப்படி ஒவ்வொன்றிலும் அவன் நெற்றி பட்ட வழவழப்பு இருக்கும். அவன் அம்மா துணி காயப்போடக் கொடியை ஏற்றிக் கட்டமாட்டார். "தம்பி வந்து போடுவான்" என்பார். ஜாதி, கட்சி, சினிமா எதுவும் தெரியாது அவனுக்கு. பந்து தெரியும். மாநில அணியின் உத்தேசப் பட்டியல் வரை போய்விட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா கையில் ஒரு கவரோடு வந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு நிறுவனத்தில் கிளார்க் வேலை. பையனோ வேண்டாம் என்கிறானாம். முழு நேரமும் பயிற்சி எடுத்து, தனியார் லீக்கில் ஆடி, அப்படியே வெளிநாட்டு கிளப் என்று ஏதோ திட்டம்.

"ஸார், இந்த ஆட்டம் எத்தனை வயசு வரைக்கும் ஆடலாம்?"

"நல்லா இருந்தா முப்பத்திரண்டு, முப்பத்து மூணு."

"ஆபீஸ்ல?"

"அறுபது."

"அப்ப நடுவுல இருபத்தேழு வருஷம் எவன் ஸார் சோறு போடுவான்?"

உலகத்துக் கூடைப்பந்து வரலாறு முழுவதையும் புரட்டினாலும் இதற்கு என்னிடம் பதில் இல்லை. பையன் விடவில்லை. "சத்னாம் சிங் போகலையா அங்கிள்?" என்றான்.

போனார். பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமம். ஏழடி இரண்டு அங்குலம். 2015-ல் அமெரிக்க என்.பி.ஏ.வின் டல்லாஸ் அணி அவரை 52-ஆவது ஆளாகப் பொறுக்கி எடுத்தது. இந்தியாவிலிருந்து அப்படிப் போன முதல் ஆள். தேசமே கைதட்டியது. ஆனால் என்.பி.ஏ.வில் ஒரு மேட்ச்கூட இறங்கக் கிடைக்கவில்லை. பிற்பாடு அமெரிக்காவிலேயே தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். இதைச் சொன்னதும் அப்பா என்னை நன்றியோடு பார்த்தார். பையன் முறைத்தான். "அம்ரித்பால் சிங் 2017-ல சிட்னி டீமுக்கு ஆடினாரே? அதைச் சொல்லுங்க" என்றான். அதுவும் உண்மைதான். விவசாயி வீட்டுப் பிள்ளை, ஆஸ்திரேலிய லீக் வரைக்கும் போனார்.

அப்பாவும் சரி, பிள்ளையும் சரி. நடுவில் நான், ஆறிப்போன காபியோடு.

வேலையில் சேரச் சொன்னேன். சேரும் எவனுக்கும் அதில் ஒரு விலை இருக்கிறது என்றும் சொன்னேன். மத்திய அரசு ஊழியருக்குப் பெரிய போட்டிகளில் ஆட வருஷத்துக்கு 30 நாள்தான் ஸ்பெஷல் கேஷுவல் லீவ். ஈரான்காரனும் லெபனான்காரனும் முழு வருஷமும் கிளப்பில் ஆடிவிட்டு வருகிறான். நம்மவன் அந்த 30 நாளை இட்லி மாதிரி எண்ணி எண்ணிப் பிட்டுச் சாப்பிட வேண்டும். சமயத்தில் ஆபீஸில் பாதிநாள் பெர்மிஷன் கிடைக்கும். அதுவும் மேலதிகாரிக்குப் பந்து என்றால் உருண்டையாக இருக்கும் என்ற அளவாவது தெரிந்திருந்தால்.

தனியார் லீக் வராமல் இல்லை. 2015-ல் ஒன்று வந்தது, சென்னைக்கும் டீம் இருந்தது. ரெண்டு மூணு வருஷத்தில் காணோம். 2022-ல் இன்னொன்று வந்தது, சென்னை ஹீட் என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் மே மாதம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பார் போலிருக்கிறது. சில வாரம் நடக்கிற லீக்கை நம்பி எந்த அப்பா பென்ஷனை விடச் சொல்வார்?

இத்தனைக்கு நடுவிலும் நம் ஆட்கள் செய்ததைக் கேளுங்கள். 2014-ல் வூஹானில், சீனாவை அவன் ஊரிலேயே 65 - 58 என்று அடித்தார்கள். ஆமாம், சீனாவை! யாவ் மிங்கைக் கொடுத்த சீனாவை. கோச் ஸ்காட் ஃபிளெமிங் என்ற அமெரிக்கர். 2016-ல் டெஹ்ரானில் மறுபடி ஒரு தடவை அடித்தார்கள். அன்றைக்கு நம்ம தெருவில் ஒரு பட்டாசு வெடித்ததா? கிரிக்கெட்டில் டாஸ் ஜெயித்தாலே சரம் கொளுத்துகிற தெரு இது.

2024 நவம்பரில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றை நம்ம நேரு ஸ்டேடியம் உள்ளரங்கிலேயே ஆடினார்கள். தாம்பரத்தில் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், ரிப்பன் பில்டிங்குக்குப் பின்னால், நடக்கிற தூரம். கஜகஸ்தானை 88 - 69 என்று ஜெயித்தார்கள். தமிழ்நாட்டுப் பையன் முயின் பேக் ஹபீஸ் அந்த அணியில் ஆடினார். கதவோரத்து மஞ்சள் பனியன் தம்பி, அடுத்த தடவை யாராவது கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லு. இறங்கவேண்டிய ஸ்டேஷன் வரைக்கும் நிம்மதியாகப் பிரயாணம் பண்ணலாம்.

அப்புறம் 2025 ஆகஸ்ட், ஜெட்டா. ஆசியக் கோப்பையில் முதல் மேட்ச் ஜோர்டானோடு. 2023 உலகக் கோப்பை ஆடிய ஜோர்டான். நாற்பது நிமிஷம் முடிந்தபோது ஸ்கோர் சமம்! கூடுதல் நேரத்தில்தான் 91 - 84 என்று நழுவியது. அதற்கடுத்து சீனாவிடமும் சவூதியிடமும் தோற்று ஊர் திரும்பினார்கள். பேப்பரில் 'இந்தியா வெளியேறியது' என்று ரெண்டு வரி. அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

எதிர்வீட்டுப் பையன் வேலையில் சேர்ந்துவிட்டான். காலையில் அஞ்சரைக்குப் பந்தோடு போகிறான், ஒன்பதேகாலுக்கு டையோடு போகிறான். கவுண்டர் கண்ணாடியின் ஓட்டை அவனுக்கு இடுப்பு உயரத்தில் இருப்பதால் நாள் பூரா குனிந்தே இருக்கிறானாம். "முதுகுக்கு நல்ல எக்சர்சைஸ்" என்று அவன் அப்பாவுக்கு சந்தோஷம்.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினான். கையில் லீவ் ஃபாரம்.

"முப்பதுல இருபத்தாறு போயிடுச்சு அங்கிள். இன்னும் நாலுதான் இருக்கு. காம்ப் ஒன்பது நாள்."

"மிச்சம் அஞ்சு நாளுக்கு?"

"அதுக்குத்தான் வந்தேன். காரணம் என்ன எழுதறது? அத்தை கல்யாணம்னு போடட்டுமா?"

"டேய், உங்க அத்தைக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சே!"

"மேனேஜருக்கு அது தெரியாது அங்கிள். அவருக்கு நான் பாஸ்கெட்பால் ஆடறதே தெரியாது. வாலிபால்னு நினைச்சுக்கிட்டிருக்காரு."