வடை சுட்ட எண்ணெயில் டீசல் கார் ஓடுமா? ஓடும்... ஆனா எத்தனை நாள்?

டீசல் விலை பற்றிப் பேச்சு வந்தாலே இந்த மாதிரி ஒரு வீடியோவும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒருவர் சமையல் எண்ணெயை கார் டேங்க்கில் ஊற்றுகிறார். சாவியைத் திருப்புகிறார். வண்டி ஸ்டார்ட் ஆகிறது!

இது நிஜமா, ஏமாத்து வேலையா? நிஜமாகவே நடக்கக்கூடியதுதான். ஆனால் வீடியோ முடிகிற இடத்தில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

எண்ணெயில் எப்படி ஓடுது?

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் வேண்டும். டீசல் இன்ஜினுக்கு அது தேவையில்லை. காற்றை பலமாக அழுத்தி சூடாக்கி, அதில் எரிபொருளைத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். அந்தச் சூட்டில் தாவர எண்ணெயும் எரியும்.

இது புது கண்டுபிடிப்பும் இல்லை. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. இந்த இன்ஜினை உருவாக்கிய ருடால்ஃப் டீசலே பின்னர் இதை எழுதியிருக்கிறார்.

அப்புறம் என்ன பிரச்னை?

ஒரே வார்த்தையில் சொன்னால், கெட்டித்தன்மை. தாவர எண்ணெய் டீசலைவிட சுமார் 10 மடங்கு கெட்டியானது. மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்குவோமே, அது போல குளிரில் எல்லா எண்ணெயும் ஏதோ ஓர் அளவுக்கு இறுகும்.

கெட்டியான எண்ணெய் இன்ஜெக்டரிலிருந்து பனி போலத் தெளிக்காது, பெரிய துளிகளாக விழும். அது முழுசா எரியாது. இன்ஜெக்டர் முனையிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரி படியும். எரியாத மிச்சம் இன்ஜின் ஆயிலில் கலந்து, நாளடைவில் அதையும் கூழாக்கிவிடும். வடை சுட்ட எண்ணெய் என்றால் இன்னும் மோசம். அதில் இருக்கும் தண்ணீரும் மாவுத் துகளும் உப்பும் ஃபில்டரை அடைத்து, உலோகத்தையும் அரிக்கும்.

அப்படியென்றால் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சிலர் பல வருடம் ஓட்டினார்களே? ஓட்டினார்கள். ஆனால் அவை பெரும்பாலும் பழைய மாடல் கார்கள். எண்ணெயைச் சூடாக்க தனி ஏற்பாடு, இரண்டாவது டேங்க், ஸ்டார்ட் செய்யவும் நிறுத்தவும் டீசல் என்று பல மாற்றங்கள் செய்திருந்தார்கள்.

2020 ஏப்ரல் முதல் இங்கே விற்கப்படும் பிஎஸ்6 கார்களின் கதை வேறு. கார் டயரில் நாம அடிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். இன்றைய டீசல் இன்ஜெக்டரில் அது 2,000 பார் வரைக்கும்கூடப் போகும். முடி அளவுள்ள துளைகள் வழியே எரிபொருள் பாய வேண்டும். அங்கே கரி படிந்தால் செலவு சில ஆயிரங்களோடு நிற்காது. வாரன்டியும் கைவிட்டுப் போகலாம்.

பயோடீசல்னா இதேதானா?

இல்லை. எண்ணெயை வடிகட்டி, மெத்தனாலும் ஒரு காரமும் சேர்த்து வினைபுரிய வைப்பார்கள். அடியில் கிளிசரின் பிரிந்துவிடும். மேலே நிற்கும் மெல்லிய திரவம்தான் பயோடீசல். இதன் கெட்டித்தன்மை கிட்டத்தட்ட டீசலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தரத்துக்கு ஐஎஸ் 15607 என்ற இந்திய அளவுகோலும் உண்டு. மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும். அதனால் வீட்டில் முயற்சி செய்யவே கூடாது.

புது எண்ணெயிலேயே தயாரிக்கலாமே?

கணக்கு உதைக்கும். கடையில் வாங்கும் சமையல் எண்ணெய், லிட்டருக்கு டீசலைவிட விலை அதிகம். அதிலும் நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதிதான். காட்டாமணக்கை நம்பி, 2017-க்குள் 20% கலப்பு என்று 2009-ல் இலக்கு வைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை. நம்பி நட்ட விவசாயிகளுக்கு எதிர்பார்த்த விளைச்சல் கிடைக்கவில்லை.

மிச்சம் இருக்கும் நல்ல வழி, பயன்படுத்திய எண்ணெய்.

அந்த எண்ணெய் இப்போ எங்கே போகுது?

இதுதான் நாம கேட்க வேண்டிய கேள்வி. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உடலுக்குக் கேடான பொருட்கள் சேரும். இதை அளக்கும் 'மொத்த துருவ சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை முதல் இது விதி. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் நிறுவனங்கள் கணக்குப் பதிவேடு வைக்க வேண்டும். பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

ஆனால் பெரிய கடையில் கழித்த எண்ணெய், மலிவு விலையில் சின்னக் கடைகளின் சட்டிக்கே திரும்பி வரும் ஆபத்து இருக்கிறது. அதைத் தடுத்து பயோடீசல் ஆலைக்குத் திருப்பத்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, 2018-ல் 'ரூகோ' திட்டத்தைத் தொடங்கியது. 2019-ல் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், இந்த எண்ணெயில் தயாரித்த பயோடீசலை முதல் ஆண்டில் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தன.

2030-க்குள் டீசலில் 5% பயோடீசல் என்பது இலக்கு. பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பயோடீசலோ இத்தனை ஆண்டுகளாக 1 சதவீதத்துக்கும் கீழேதான் நிற்கிறது. கரும்பு ஆலைகளை எண்ணிவிடலாம். தெருத்தெருவாக இருக்கும் எண்ணெய்ச் சட்டிகளிலிருந்து மிச்சத்தைச் சேகரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

நாம என்ன செய்யலாம்?

கார் டேங்க்கில் எண்ணெய் ஊற்றாதீங்க. சிங்க்கிலும் ஊற்றாதீங்க, குழாய் அடைக்கும். ஹோட்டல், கேட்டரிங் நடத்துபவர் என்றால் அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்க. சாப்பிடப் போகும் கடையில் சட்டி எண்ணெய் கருத்து, நுரைத்து, புகைந்துகொண்டிருந்தால், "எண்ணெயை எப்போ மாத்தினீங்க அண்ணா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க.

பழைய எண்ணெய் வண்டிக்குப் போகட்டும், ஆலை வழியாக. நம்ம வயிற்றுக்கு மட்டும் வேண்டாம்.