சங்கிலியை அறுத்தோம், கட்டில் எங்கே?

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பங்களில் ஒன்று நெட்டுக்குப்பம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு வந்து ஆற்றையும் வலையையும் கறுப்பாக்கியது. அந்த ஈரம் காயும் முன்பே, 26ஆம் தேதி இரவு அம்மோனியா வாயு கசிந்தது. தூக்கத்திலிருந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எண்ணூர் குப்பத்து மக்கள் இருட்டில் ஓடினார்கள். படகுக்கும் வலைக்கும் நிவாரணம் பேசப்பட்டது. பிள்ளைகளின் மனத்துக்கு என்ன நிவாரணம் என்று யாராவது பேசினார்களா?

வாசகர்களே, கொஞ்சம் சிந்தித்துப் பாருங்கள். பயம் பெரும்பாலான பிள்ளைகளை விட்டுச் சில வாரங்களில் போய்விடும். சிலரை விடாது. பேச்சு நின்றுபோகும், தூக்கம் போகும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நிலைகூட வரும். மனநோய்க்கு இப்படி ஒரு விபத்துதான் காரணமாக வேண்டும் என்பதுமில்லை. எந்த வீட்டிலும், எந்த மதத்தவர் வீட்டிலும் அது வரும். நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பது தெரிந்தது. பெருநகரங்களில் அது 13.5 சதவீதம்!

இவர்களில் பெரும்பாலோருக்கு வெளிநோயாளிச் சிகிச்சையே போதும். ஆனால் ஒரு சிறு பகுதியினருக்கு மாத்திரைச் சீட்டு போதாது. சில வாரங்கள் தங்கவைத்து, இரவும் பகலும் கவனித்துச் சிகிச்சை தர வேண்டும். வசதி உள்ளவன் தனியார் மருத்துவமனைக்குப் போவான். கூடை சுமந்து மீன் விற்கும் தாய் எங்கே போவாள்?

ஏர்வாடி தந்த பாடம்

அவள் எங்கே போனாள் என்பதை 2001 ஆகஸ்ட் 6 நமக்குக் காட்டியது. ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகத்தில் விடியும் முன் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன.

தர்காவைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் கணக்கு முடிந்துவிடுமா? அரசு மருத்துவமனை தூரத்தில் இருந்தது. காப்பகம் பக்கத்தில் இருந்தது. அரசு விட்ட இடைவெளியில்தான் சங்கிலி வியாபாரம் நடந்தது. அதே நேரத்தில் நம் சமுதாயமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு துஆ செய்வது ஒன்று. மருந்தை மறுப்பது வேறு. குஜராத்தில் உனாவா மீரா தாத்தார் தர்காவில் மருந்தும் துஆவும் சேர்ந்து நடக்கும் திட்டம் வந்தது. அந்த வழி பிறகு ஏர்வாடிக்கும் வந்தது. நம் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. வக்ஃப் வருவாயில் ஏழைக்கும் இலவசச் சிகிச்சை அங்கே கிடைத்தது. பொதுப்பணத்தில் தங்கவைத்துச் சிகிச்சை தருவது நமக்குப் புதிதல்ல!

சட்டம் சொல்கிறது, நடக்கிறதா?

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மிகத் தெளிவாகப் பேசுகிறது. அரசு தரும் மனநலச் சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை. குழந்தைகளுக்கான மனநலச் சேவையையும் அரசு ஏற்படுத்த வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இலவசம். சிறுவரைச் சேர்த்தால் பெரியவர்களோடு வைக்கக் கூடாது. தனி இடம் வேண்டும். பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் துணையாளோ சிகிச்சைக் காலம் முழுவதும் கூடவே இருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது.

நல்ல சட்டம். ஆனால் ஒரு கேள்விக்கு அதில் பதில் இல்லை. தாய் வார்டில் ஒரு மாதம் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் குடும்பத்துக்கு, இலவசச் சிகிச்சை கூட இலவசமல்ல. பாதியில் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போவதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல, பசியும் காரணம்!

'பிள்ளைகளை அடைத்துவைக்கச் சொல்கிறீர்களா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சம்தான். அமெரிக்காவில் நடந்தது அதுதான். அரசுப் பணத்தில் தனியார் கம்பெனிகள் நடத்தும் சிறுவர் சிகிச்சை இல்லங்களில் நடந்த கொடுமைகளை, அந்நாட்டு செனட்டின் நிதிக் குழு 2024 ஜூனில் அறிக்கையாக வெளியிட்டது. ஊழியரைக் குறைத்தால் லாபம் கூடும். அடி வாங்குவது பிள்ளை. எனவே பணத்தைத் தனியார் கையில் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை நாம் கேட்கவில்லை. தாய் பக்கத்தில் இருக்கும், வெளியார் வந்து கேள்வி கேட்கும், திறந்த கதவுள்ள அரசு வார்டைத்தான் கேட்கிறோம். மத்திய அரசின் நிம்ஹான்ஸ் பெங்களூரில் சிறுவர்களுக்கென்று தனி உள்நோயாளிப் பிரிவை நடத்துகிறது. அங்கே முடிவது இங்கே முடியாதா?

நம் கோரிக்கை

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. இத்தனை தலைமுறை கடந்தும் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரே நம் பேச்சில் கேலிச் சொல்லாக இருக்கிறது. அந்தக் கேலிக்கு அஞ்சியே பெற்றோர் பிள்ளையை மறைக்கிறார்கள். ஆகவே வடசென்னைக்கு, மக்கள் தயங்காமல் போய்ப் பழகிய ஸ்டான்லி மருத்துவமனையிலேயே, சிறுவர்களுக்கான தனி மனநல வார்டு வேண்டும். கூடவே ஒரு பள்ளி ஆசிரியரும் விளையாட இடமும் வேண்டும். துணைக்கு இருக்கும் தாய்க்கு உணவும் தினப்படியும் வேண்டும். வீடு திரும்பிய பிறகு குப்பத்துக்கே வந்து பார்க்கும் செவிலியர் வேண்டும்.

சகோதரர்களே! அரசு செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்கலாமா? உங்கள் தெருவில் அறைக்குள் பூட்டப்பட்ட பிள்ளை இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள்; மருத்துவரிடம் கூடப் போங்கள். ஜமாஅத்தும் மீனவர் பஞ்சாயத்தும் ஒரே மனுவில் கையெழுத்திடட்டும். அந்த மனு தொகுதி உறுப்பினரின் மேசைக்குப் போகட்டும். இந்த நோய் சாதி மதம் பார்த்து வருவதில்லை. கோரிக்கையும் அப்படியே எழட்டும். இன்னொரு தீ வந்துதான் ஆட்சியாளர்களை எழுப்ப வேண்டுமா?