முதலில் பாடம்; பிறகு காற்றாடி!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, இப்போது ஆள் பறக்கிறான்!

காலுக்குக் கீழே ஒரு பலகை. இடுப்பைச் சுற்றி ஒரு கச்சை. கச்சையில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கியிலிருந்து 20 மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகள். கயிற்றின் நுனியில் மிகப் பெரிய காற்றாடி.

காற்று காற்றாடியை இழுக்கிறது. காற்றாடி ஆளை இழுக்கிறது. ஆள் தண்ணீர் மீது வழுக்கிக்கொண்டு போகிறான். படகு வேண்டாம். எஞ்சின் வேண்டாம். பெட்ரோலும் வேண்டாம்.

இந்த விளையாட்டுக்குக் "கைட் சர்பிங்" என்று பெயர். தமிழில் காற்றாடிச் சவாரி என்று சொல்லலாம்.

"கடலே இல்லாத திருவண்ணாமலைக்காரனுக்கு இந்தக் கதை எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புதுச்சேரிக் கடலைப் பார்க்கவே நாம் சுமார் 100 கிலோ மீட்டர் போக வேண்டும்.

ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். நாலு நாள் விடுமுறை கிடைத்தால் ராமேசுவரம் போகிறார்கள். கைபேசியில் இந்த விளையாட்டைப் பார்க்கிறார்கள். உடனே ஆசை பிறக்கிறது.

ஆசைப்படுவது தவறல்ல. ஆசை பிறந்த அன்றே காற்றாடியை விலை பேசுவதுதான் தவறு!

முதல் செலவு எது?

புதுக் காற்றாடி, பிடிகோல், பலகை, கச்சை எல்லாம் சேர்த்து வாங்கினால் செலவு லட்ச ரூபாயைத் தாண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. தெரியாமல் வாங்கினால் பணம் போகும். தெரியாமல் பறக்க விட்டால் உயிரே போகும்.

ஆகவே, முதல் செலவு பயிற்சிக்கு இருக்கட்டும். பயிற்சிப் பள்ளியில் காற்றாடியும் கொடுப்பார்கள், பலகையும் கொடுப்பார்கள். நம் உடம்புக்கு எந்த அளவு ஒத்து வருகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நமக்கு அருகில் இதற்கு ஏற்ற இடம் ராமேசுவரம். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. கோடையில் தென்காற்று வீசும். மார்கழிக்குப் பிறகு வடகாற்று வீசும். ஆழம் குறைந்த, அலை அடங்கிய தண்ணீரும் அங்கே உண்டு. தவறி விழுந்தால் எழுந்து நிற்கலாம். கற்பவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இலங்கையில் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக்கும் இதே காரணத்துக்காகத்தான் வெளிநாட்டார் வருகிறார்கள்.

பள்ளியில் சேரும் முன் ஒன்று கேளுங்கள்: "ஆசிரியர் சான்றிதழ் பெற்றவரா?" இன்னொன்றை நம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும்: "எனக்கு நீச்சல் தெரியுமா?" தெரியாவிட்டால் அதை முதலில் கற்க வேண்டும். அதற்குக் கடல் வேண்டாம். நீச்சல் குளம் போதும்.

காற்று இரண்டு பங்கு. இழுப்பு நான்கு பங்கு!

சிலர் நினைக்கிறார்கள்: "பெரிய காற்றாடி வாங்கினால் நல்லது. விலைக்கு ஏற்ற பொருள்!"

அது துணிக்கடைக் கணக்கு. கடலில் அது செல்லாது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றாடியின் இழுப்பு நான்கு மடங்காகும். காலையில் கன்றுக்குட்டி போல வந்த காற்றாடி, மாலையில் ஜல்லிக்கட்டுக் காளையாகிவிடும். கையில் இருப்பது தேவைக்கு மேல் பெரிய காற்றாடி என்றால், காளையை யார் அடக்குவது?

அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. உடல் எடையைக் காற்றின் வேகத்தால் வகுக்க வேண்டும். வந்ததை 2.2-ஆல் பெருக்க வேண்டும். காற்றின் வேகத்தை "நாட்" என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோ மீட்டர்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 16 நாட் காற்றில் இறங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். அது மணிக்குச் சுமார் 30 கிலோ மீட்டர் வேகம். அவருக்கு 9 அல்லது 10 சதுர மீட்டர் காற்றாடி போதும். காற்று குறைந்தால் பெரியது வேண்டும். காற்று கூடினால் சிறியது வேண்டும்.

ஆகவே, "எந்தக் காற்றாடி நல்லது?" என்று கடையில் கேட்டுப் பயன் இல்லை. "என் எடைக்கு, நான் போகும் கடலின் காற்றுக்கு, எது பொருந்தும்?" என்றுதான் கேட்க வேண்டும். பயிற்சி முடித்தவனுக்கே இந்தக் கேள்வி வாயில் வரும்.

எதை முதலில் வாங்குவது?

பயிற்சி முடிந்தது. இனி வாங்கலாம். எந்த வரிசையில்?

முதலில், உடம்பைக் காக்கும் பொருள்கள். தலைக்கவசம், நெஞ்சுக்கு மெத்தை வைத்த மிதவைச் சட்டை, சிக்கிய கயிற்றை அறுக்க ஒரு சிறு கத்தி, இடுப்புக் கச்சை. இவற்றை இரவல் வாங்கக் கூடாது. செருப்பைப் போல இவையும் அவரவர் அளவுக்கு இருக்க வேண்டும். கச்சை நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு முட்டும். அப்படி ஏறுகிறவர்களுக்குத் தொடையோடு சேர்த்துக் கட்டும் கச்சை நல்லது.

இரண்டாவது, பலகை. கற்பவனுக்குச் சற்றுப் பெரிய பலகைதான் ஏற்றது. 70 கிலோ எடைக்கு 140 சென்டி மீட்டருக்கு மேல் இருக்கலாம். பெரிய பலகை மெதுவான இழுப்பிலும் ஆளைத் தாங்கும். சிறிய பலகை பார்க்க அழகு; ஏறினால் அமிழும்!

மூன்றாவதுதான் காற்றாடி. விளிம்புக் குழாயில் காற்று அடைத்த காற்றாடியே கற்பவனுக்கு ஏற்றது. பிரான்சு நாட்டு சகோதரர்கள் புரூனோ லெகேனு, டொமினிக் லெகேனு இருவரும் 1984-ம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். இதன் சிறப்பு என்ன? தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். கயிற்றை இழுத்தால் மறுபடி எழும்.

2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதல் முறையாக இடம் பெற்றது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித் தனிப் போட்டி. சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் 17 வயதில் வெண்கலப் பதக்கம் வென்றார். ஆனால் அவர் பிடித்தது பந்தயக் காற்றாடி. அது பாராசூட் போன்ற வேறு ரகம். அவர் நின்ற பலகைக்கு அடியில் இறக்கை உண்டு. பலகையே தண்ணீருக்கு மேலே எழும்பும். அதைப் பார்த்துவிட்டு அதையே வாங்குவது, சைக்கிள் பழகப் பந்தயக் கார் வாங்குவது போல!

பாதி விலைக்குக் கிடைக்கிறதா?

"புதிது எதற்கு? பழையது பாதி விலைக்குக் கிடைக்கிறது" என்று நண்பர்கள் சொல்வார்கள். பழையது வாங்குவதில் குற்றம் இல்லை. பார்த்து வாங்க வேண்டும்.

துணியைத் தொட்டுப் பாருங்கள். மொட மொடவென்று இருந்தால் நல்லது. பழைய வேட்டி போலத் துவண்டால் வேண்டாம். குழாயில் காற்று அடித்து சில மணி நேரம் வையுங்கள். இறங்கினால் ஓட்டை இருக்கிறது. கயிறுகளை ஒன்றாகச் சேர்த்து இழுத்துப் பாருங்கள். நீளம் மாறியிருந்தால் காற்றாடி ஒரு பக்கமாக ஓடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்துப் பிடியைச் சோதியுங்கள். அதைத் தள்ளிய மறு நொடி காற்றாடியின் இழுப்பு அடங்க வேண்டும். இந்தப் பிடிக்கு ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேச அமைப்பு 2020-ம் ஆண்டில் தர விதி வகுத்தது. அதன் எண் 21853. அந்தத் தரத்துக்கு உட்பட்ட பிடிகோலா என்று கேட்டு வாங்குங்கள். காற்றாடி பழையதாக இருக்கலாம்; ஆபத்துப் பிடி பழசாக இருக்கலாமா?

ஏரியில் வேண்டாம்!

வாங்கியாகிவிட்டது. கடலுக்குப் போகும் வரை பொறுமை இல்லை. "நம் ஊர் ஏரியில் பார்த்தால் என்ன? சாத்தனூர் அணையில் பார்த்தால் என்ன?" என்று தோன்றும்.

வேண்டவே வேண்டாம்!

மலை இருக்கும் இடத்தில் காற்று ஒழுங்காக வீசாது. மலையில் மோதும். சுழலும். ஒரு நொடி செத்துப் போகும். மறு நொடி சீறி வரும். சாத்தனூர் அணை சென்னகேசவ மலைகளுக்கு நடுவே இருக்கிறது. நம் ஏரிக்கரைகளில் பனை மரமும் உண்டு; மின்சாரக் கம்பியும் உண்டு. அவற்றில் காற்றாடி சிக்கினால் ஆள் கதி என்ன?

புதுச்சேரிக் கடலிலும் ஆடி மாதத்தில் எச்சரிக்கை தேவை. ஆடியில் வீசுவது மேல்காற்று. மேற்கிலிருந்து கிழக்கே போகும். அங்கே கடல் இருப்பதும் கிழக்கேதான். அந்தக் காற்றில் இறங்கியவனைக் காற்று கரை சேர்க்காது. கடலுக்குள் கொண்டு போகும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் இறங்கவே கூடாது. இது முதல் பாடம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மகனோ மகளோ இந்த ஆசையைச் சொன்னால், "முடியாது" என்று அதட்ட வேண்டாம். அதட்டினால் தெரியாமல் வாங்குவார்கள். தெரியாமல் போவார்கள். தனியாக இறங்குவார்கள்.

"முதலில் நீச்சல் கற்றுக்கொள். பிறகு பள்ளியில் பயிற்சி எடு. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் தலைக்கவசம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். பாதிப் பேருக்கு ஆசை அதற்குள் அடங்கிவிடும். லட்ச ரூபாய் மிச்சம்! மீதிப் பேர் உண்மையாகவே கற்பார்கள். அவர்களை யாரும் தடுக்க வேண்டாம்.

காற்றுள்ள போதே தூற்றிக்கொள் என்பது பழமொழி. அதைச் சொன்னவன் முறம் பிடிக்கத் தெரிந்த உழவன். களத்துக்கு முறம் எப்படியோ, கடலுக்குக் காற்றாடி அப்படி.

பிடிக்கக் கற்றவன் வாங்கட்டும்!