நெல்லுக்குத் தலையெழுத்து உண்டா?

"அவனவன் தலையில் எழுதினபடி" என்று பேசி வந்தவர்களில் சிலர் இப்போது பாஷையை மட்டும் மாற்றிக்கொண்டு, "எல்லாம் ஜீனில் இருக்கிறது, இன்ன ஜாதியானுக்கு இன்ன புத்திதான்" என்று கிளம்பியிருக்கிறார்கள். பிரம்மாவின் எழுத்தாணியைப் பிடுங்கி மரபணுவின் கையில் கொடுத்துவிட்டால் பழைய புளுகு விஞ்ஞானமாகிவிடும் போலும்! இவர்களுக்குப் பதில் சொல்ல நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. நமது சம்பா வயலே போதும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் மூழ்குவது காவிரிக் கடைமடைக்காரர் அறியாததல்ல. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. மூழ்கிய பயிருக்குள் நடப்பது என்ன? பயிர் எத்திலீன் என்ற வாயுவை எப்போதும் சிறிது உண்டாக்கி வெளியே விடுகிறது. (வாழைத்தாருக்கு மூட்டம் போடுகிறோமே, அந்தப் புகையிலும் இது உண்டு.) தண்ணீர் மூடிவிட்டால் அது வெளியேற வழியின்றி உள்ளேயே சேருகிறது. உயிரணுவிலே இதை உணருவதற்கென்றே இருக்கும் புரதங்கள் உணர்ந்ததும், வெள்ளம் வருகிறதென்று கரைகாவல்காரர் ஆளுக்கு ஆள் கூவிச் சொல்வது போல, சேதி கைமாறிக் கைமாறி உயிரணுவின் கருவுக்குப் போய், சும்மா கிடந்த மரபணுக்களை வேலை செய்ய வைக்கிறது.

சாதாரண நெல் இச்சேதி கேட்டதும், ஜிபரெல்லின் என்ற வளர்ச்சிச் சத்தின் தூண்டுதலால் தண்ணீருக்கு மேலே தலைகாட்டத் துடித்து நீளுகிறது. இருந்த மாவுச்சத்தைச் செலவழித்துவிட்டு, நீர் வடிந்ததும் சாய்ந்து மடிகிறது. ஒடிசா உழவர்களின் நாட்டு நெல்லிலிருந்து பொறுக்கியெடுத்த எஃப்.ஆர்.13ஏ அப்படிச் செய்வதில்லை. அதிலுள்ள சப்1ஏ என்னும் மரபணுவை ஆராய்ச்சிக்காரர்கள் 2006-ல் வெளியிட்டார்கள். அதே எத்திலீன் சேதிதான் அதையும் எழுப்புகிறது. எழுந்ததும் அது ஜிபரெல்லினுக்குக் கடிவாளம் போடும் புரதங்களைப் பெருக்குகிறது. பயிர் அடங்கிக் கிடந்து, சுமார் இரண்டு வாரம் மூழ்கியும் மறுபடி துளிர்க்கிறது. அதற்கு மேலும் நீர் நின்றால் வடிகால் வெட்டுவதுதான் வழி. இம்மரபணுவை நமது சி.ஆர்.1009 நெல்லோடு கலந்து சி.ஆர்.1009 சப்-1 உண்டாக்கினார்கள். கலப்பென்றாலே குலம் கெட்டது என்பாரும் இந்த அரிசியை வேண்டாமென்று சொல்லக் காணோம்!

பிறப்பில் வருவது ஒன்றுமேயில்லை என்று நாம் சொல்லவில்லை. சப்1ஏ இல்லாத நெல்லுக்கு அந்தக் குணம் இல்லைதான். ஆனால் அது இருக்கும் நெல்லிலும், மூழ்காத வயலில் அம்மரபணு வாய் திறப்பதே அரிது. நம் உடம்பிலும் ஈரலுக்கும் தோலுக்கும் மரபணுத் தொகுதி ஒன்றே. எது பேசுவது, எது சும்மாயிருப்பது என்பதில்தான் ஒன்று ஈரலும் மற்றொன்று தோலுமாயின. ஒரு புல்லின் நிலையே இதுவானால், தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவிடாமல் வைத்திருந்த ஜனங்களைப் பார்த்து, "படிப்பு ஜீன் இல்லை" என்கிறவர்கள், எந்தச் சேதியை அனுப்பிப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கின்றோம்.