வண்டி பெருசு... பாதை சிறுசு!

சாரல் விழுந்தால் போதும், தென்காசி ரோட்டில் பஸ்ஸும் வேனும் வரிசைகட்டும். படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ள கேரவனில் குடும்பத்தோடு கிளம்பும் ஆசையும் இப்போது பரவிவருகிறது. கேரள அரசு 2021-லேயே கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்துவிட்டது. அங்கிருந்து ஆரியங்காவு வழியாகக் குற்றாலத்துக்கு வருகிற வண்டி, புளியரை 'எஸ்' வளைவில் இறங்கியாக வேண்டும்.

அந்த வளைவு சாதாரணமானதல்ல. 2024 பிப்ரவரி 25 நள்ளிரவு தாண்டிய நேரம், கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றிவந்த லாரி அங்கே கட்டுப்பாட்டை இழந்து, கீழே இருந்த ரயில் தண்டவாளத்தில் உருண்டது. டிரைவர் இறந்துபோனார். சத்தம் கேட்டு ஓடிவந்த வயதான தம்பதி, டார்ச் லைட்டை ஆட்டி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசளித்தார்.

தேசிய நெடுஞ்சாலையிலேயே இந்தக் கதி என்றால், மேக்கரைப் பக்கம் தோப்புகளுக்குள் நுழையும் பாதைகளைக் கேட்கவே வேண்டாம். கிராமச் சாலைகள் பலவற்றில் தார் 3 மீட்டர், மிஞ்சினால் 3.75 மீட்டர். லாரி சேஸில் கட்டிய கேரவனோ சுமார் இரண்டரை மீட்டர் அகலம். பக்கக் கண்ணாடிகள் தனிக்கணக்கு! புல் மூடிய ஓரத்தைக் கெட்டித் தரை என்று நம்பிச் சக்கரத்தை இறக்கினால், அடியில் வாய்க்கால் இருக்கும்.

திருப்பத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக நீளமாக இந்த வெட்டும் கூடும். அதனால் முன்பக்கத்தை நன்றாக வெளியே கொண்டுபோய், தாமதமாகத்தான் ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும். அப்போது வால் பகுதி எதிர்ப்பக்கம் வீசும். ஏணியும் ஸ்டெப்னியும் மரத்தில் மோதுவது அப்படித்தான்.

பழைய லாரிக்காரர்களுக்கு இதற்கெல்லாம் கிளீனர் இருந்தார். இறங்கி நடந்து, பாடியைத் தட்டி, "வரட்டும்... வரட்டும்... ஓல்டேன்!" என்று அவர் போடும் சத்தத்துக்கு எந்த ரிவர்ஸ் கேமராவும் ஈடில்லை. தலைக்கு மேல் தொங்கும் பலாக்கிளையும் மின்கம்பியும் கேமராவில் தெரியாது. மழையில் நனைந்த கிளை வேறு இன்னும் தாழ்ந்து தொங்கும். கூரை ஏசியையும் சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, டேஷ்போர்டில் எழ்தி ஒட்டிவிடுங்கள். வீட்டில் ஒருவர் கிளீனர் வேலை பார்க்கட்டும். ஆனால், டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில்தான் நிற்க வேண்டும்; வண்டிக்கு நேர்பின்னால் வேண்டவே வேண்டாம்.

இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறுவதற்கு என்ன கியர் தேவையோ, அதே கியரில் இறங்குங்கள். குறுகலான மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் வழி, விதியே அதுதான்.

செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் இருப்பது வனத்துறையின் காடு. அங்கே வண்டியை விட நினைக்காதீர்கள். மற்ற பாதைகளிலும், திருப்ப இடம் இருக்கிறதா என்று முதலில் நடந்துபோய்ப் பாருங்கள். இல்லையென்றால், போன தூரம் முழுவதும் ரிவர்ஸில்தான் வர வேண்டும். அதைவிட கேரவனைத் தென்காசியிலேயே நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு துண்டோடு ஆட்டோவில் ஐந்தருவிக்குப் போய்வருவது எவ்வளவோ சுகம்.